நாலு லட்சம் பேருக்கு மாதிரிக் கணக்கு எதற்கு?

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அறிக்கைகளைப் புரட்டுகிறவர்கள் நேராக அட்டவணைகளுக்குத் தாவிவிடுவார்கள். ஆய்வு எங்கெங்கே நடந்தது என்று முன்பக்கங்களில் வரும் ஒரு வாக்கியத்தை யாரும் நின்று படிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக அந்த வாக்கியம் அநேகமாக மாறாமலே இருந்தது. இந்தியா முழுவதும் ஆய்வு நடந்தது. இரண்டு இடங்கள் மட்டும் நீங்கலாக. ஒன்று, நாகாலாந்தில் பேருந்துத் தடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள உட்கிராமங்கள். மற்றொன்று, அந்தமான் நிகோபாரில் ஆண்டு முழுவதும் போய்ச்சேர முடியாத கிராமங்கள்.

பேருந்து வராத ஊர்க்காரர் எவ்வளவு சாப்பிட்டார், எதற்குக் கடன் வாங்கினார் என்பது நாட்டின் கணக்கில் வராது என்று எழுதிவைக்க ஒரு தைரியம் வேண்டும். நாகாலாந்துக்கான விலக்கு பின்னாளில் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தமான் விலக்கு, சொற்கள் கொஞ்சம் மாறி, 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு வரைக்கும் வந்துவிட்டது.

விட்டுப்போன கிராமங்கள் சொற்பம்தான். இந்தியச் சராசரியை அவை இம்மியும் அசைக்காது. ஆனால், கப்பல் எப்போதாவது வந்துபோகும் தீவில் இருப்பவருக்கும் போர்ட் பிளேர் அரசுக் குடியிருப்பில் இருப்பவருக்கும் அரிசி விலையும் ஒன்றில்லை, ஆஸ்பத்திரி தூரமும் ஒன்றில்லை. போவதற்குக் கஷ்டமான ஊர்களைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுத்தால் கிடைப்பது வசதியான பகுதியின் சராசரி. அதுவே தீவுகள் மொத்தத்தின் நிலவரமாக நாடாளுமன்றப் பதில்களிலும் தரவரிசைப் பட்டியல்களிலும் வலம்வருகிறது.

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரின் மக்கள்தொகை 3,80,581. திருநெல்வேலி மாநகராட்சியில் அதே ஆண்டு 4.7 லட்சம் பேர் இருந்தார்கள். அதைவிடக் குறைவான இந்த மக்கள் வடக்கே டிக்லிப்பூரிலிருந்து தெற்கே கேம்பல் பே வரை சுமார் எழுநூறு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் கடலில், முப்பத்துச் சொச்சம் தீவுகளில் சிதறி வாழ்கிறார்கள். தெற்கு அந்தமான் மாவட்டத்தில் மட்டும் 2,38,142 பேர். நிகோபார் மாவட்டத்தில் 36,842.

தேசியக் குடும்ப நல ஆய்வு 1992-93இல் தொடங்கியது. முதல் மூன்று சுற்றுகளில் இந்தத் தீவுகளே இல்லை. 2015-16இல் நடந்த நான்காம் சுற்றில்தான் ஒன்றியப் பகுதிகள் எல்லாமே சேர்ந்தன. இப்போது மாவட்டவாரியாகத் தகவல் அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூலத் தரவையும் பதிவு செய்து வாங்கலாம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால், ஒரு சின்ன மாவட்டத்தின் அறிக்கையைத் திறந்து நிதானமாகப் பாருங்கள். சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். சில கட்டங்களில் எண்ணே இருக்காது, நட்சத்திரக் குறிதான். அடைப்புக்குறி என்றால் 25 முதல் 49 பேரை வைத்துப் போட்ட சதவீதம். நட்சத்திரம் என்றால் 25 பேருக்கும் குறைவு, சதவீதம் போடவே லாயக்கில்லை. ‘கடந்த இரண்டு வாரங்களில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்தீர்களா’ என்று கேட்க வேண்டுமானால், முதலில் அந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகள் போதுமான அளவு கிடைக்க வேண்டும். சில நூறு வீடுகளில் ஏறி இறங்கினால் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

நட்சத்திரம் நேர்மையான குறி. தெரியாததைத் தெரியாது என்கிறது. அடைப்புக்குறியைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் வம்பு. அவர்களில் பத்திரிகைக்காரர்கள் முன்வரிசையில் நிற்பவர்கள்.

சின்ன எண்களின் சேட்டையைப் பேறுகால மரணக் கணக்கில் நன்றாகப் பார்க்கலாம். மாதிரிப் பதிவு முறையின் சிறப்பு அறிக்கைப்படி 2018-20இல் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. அந்தமானுக்குத் தனி எண் அந்த அறிக்கையில் கிடையாது. சரி, நாமே போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேருக்கு 11 என்ற அளவில் பிறப்பு விகிதம். நாலு லட்சம் மக்கள். ஆண்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம் குழந்தைகள். கணக்கு எளிதாக இருக்க நாலாயிரம் என்றே வைப்போம். ஒரு தாய் இறந்தால் விகிதம் 25. நாலு பேர் இறந்தால் 100, அதாவது ஏறத்தாழ இந்தியச் சராசரி. யாரும் இறக்காத ஆண்டில் பூஜ்யம். கேரளத்தையே தோற்கடித்துவிட்டோம் என்று விளம்பரம் கொடுக்கலாம். அடுத்த ஆண்டே ஆறு பேர் இறந்தால் 150; விசாரணைக் கமிஷன் போடச் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே சுகாதாரத் துறை கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. கடல் சீற்றத்தால் ஹெலிகாப்டர் எழும்ப முடியாத இரண்டு மூன்று இரவுகள் போதும்.

இதற்குப் புள்ளியியலாளர்கள் வைத்திருக்கும் வைத்தியம் தெரிந்ததுதான். பல ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சிறிய மாநிலங்களின் சிசு மரண விகிதத்தை மாதிரிப் பதிவு முறை மூன்றாண்டுச் சராசரியாகத்தான் தருகிறது. அல்லது அக்கம்பக்கத்து மாவட்டங்களின் போக்கை வைத்து, சின்ன மாவட்டத்தின் எண்ணைச் செப்பனிடுவார்கள். நிலப்பரப்பில் இது நடக்கும். நிகோபாரின் கமோர்ட்டாத் தீவுக்கு அக்கம்பக்கம் எது? தெற்கு அந்தமானா, சுமத்ராவா?

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பிறப்பு. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மாதிரி எடுத்து, எடை கொடுத்து, பிழை வரம்பு போட்டு மதிப்பிட வேண்டிய அவசியமே இல்லை. மாதிரிக் கணக்கெடுப்பு, எல்லோரையும் கேட்க முடியாத பெருங்கூட்டத்துக்காக உருவான கருவி. எல்லோரையும் கேட்கக்கூடிய இடத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடும் துணை சுகாதார நிலையச் செவிலியரின் பேரேடும் போதும். ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு எந்த மணிக்கு வலி எடுத்தது, எந்த மணிக்குப் படகு கிடைத்தது, ரத்தம் இருந்ததா என்று மருத்துவர்கள் உட்கார்ந்து பேசினால், எந்த விகிதமும் சொல்லாததை அது சொல்லும். கேரளத்தின் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் இப்படித்தான் செய்கிறது. பெயரும் ஆஸ்பத்திரியும் வெளியே வராது, காரணம் மட்டும் வரும். மூன்றரைக் கோடி மக்கள் உள்ள மாநிலத்தில் முடிந்தது நாலு லட்சம் பேர் உள்ள இடத்தில் முடியாதா?

எண்ணுவதற்கு முன்னால் எந்தப் பெட்டிக்குள் யாரைப் போடுவது என்ற கேள்வி இருக்கிறது. தீவுகளில் அது இன்னும் சிக்கல். 2011இல் பழங்குடியினர் 28,530 பேர். அதில் நிகோபாரியர் 27,168. கிரேட் அந்தமானியர், ஓங்கி, ஜாரவா, சென்டினலியர், ஷொம்பென் ஆகிய ஐந்து சமூகமும் சேர்ந்து 769. ஆகவே, ‘அந்தமான் பழங்குடியினரிடையே இத்தனை சதவீதம்’ என்று எந்த அறிக்கை சொன்னாலும் அது நிகோபாரியரின் சதவீதம். ஜாரவாக்களைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. ஆனால், சொன்ன மாதிரி இருக்கும்.

மறுபுறம், சோட்டாநாக்பூரிலிருந்து 1918 முதல் காடு வெட்டக் கூட்டிவரப்பட்ட ஒராவோன், முண்டா, காரியா மக்கள் இருக்கிறார்கள். தீவில் எல்லோரும் ‘ராஞ்சி’ என்றே அழைப்பார்கள். சொந்த ஊரில் பழங்குடி. கடல் தாண்டியதும் அந்தத் தகுதி கழன்றுவிட்டது. பட்டியல் சாதி விஷயம் இதைவிட விசித்திரம். இந்த ஒன்றியப் பகுதிக்கென்று பட்டியல் சாதிகளே அறிவிக்கப்படவில்லை. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்குப் போனவர்களிலும் தலித்துகள் ஏராளம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அந்த நெடுவரிசை மட்டும் காலி. தீவுகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களும் இதில் உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்கு ரத்தசோகை எவ்வளவு என்று கேட்டால், எந்த அட்டவணையிலும் அதற்கு வரிசை கிடையாது.

நல்ல முறையியலுக்குத் தீவுகளே சில பாடங்களை வைத்திருக்கின்றன. யானைக்கால் நோயை எடுத்துக்கொள்வோம். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: ராத்திரி எட்டு மணிக்கு மேல் சுகாதார ஊழியர் வந்து கதவைத் தட்டுவார், தூக்கத்திலிருந்து எழுப்பி விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்துக்கொண்டு போவார். பகலில் எடுத்தால் நுண்புழு கண்ணில் படாது. நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருக்கும் அது, கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் மேல்ரத்தத்துக்கு வரும். நம் ஊர் கியூலெக்ஸ் கொசு சாக்கடையில் முட்டையிடும், ராத்திரி கடிக்கும். புழுவும் அதற்கேற்பப் பழகியிருக்கிறது.

நிகோபாரின் நன்கவ்ரித் தீவுக்கூட்டத்தில் இருப்பதும் அதே வுச்சரேரியா புழுதான். ஆனால், அங்கே அதைப் பரப்புவது நிவியஸ் என்ற காட்டுக்கொசு. மரப்பொந்துகளில் தேங்கும் தண்ணீரில் வளரும், பகலில் கடிக்கும். அதனால் நுண்புழு எல்லா நேரமும் ரத்தத்தில் திரிகிறது, பகலில் சற்று அதிகமாகவே. இந்தியாவில் வேறெங்கும் இந்த வகை இல்லை. தஞ்சாவூர்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு நன்கவ்ரிக்குப் போய் ராத்திரி ரத்தம் மட்டும் எடுத்தால் நோயாளிகள் சிலர் தப்பிவிடலாம். சாக்கடைக்கு மருந்தடித்தாலோ ஒரு கொசுவும் சாகாது. ஆய்வுக் கையேட்டில் ‘ரத்தம் எடுக்கும் நேரம்’ என்ற ஒரே வரியில் இத்தனை உயிரியல் அடங்கியிருக்கிறது.

அடுத்தது, இருந்த தரவைத் தொலைத்த கதை. 1980களின் பிற்பகுதியில் வடக்கு அந்தமானின் டிக்லிப்பூர்ப் பகுதியில், மழை ஓயும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு காய்ச்சல் வர ஆரம்பித்தது. உடம்பு வலி, இருமினால் ரத்தம், மூச்சுத்திணறல், சிலருக்கு மரணம். வயலில் இறங்கும் விவசாயிகளையே அது அதிகம் தாக்கியது. என்ன நோய் என்று தெரியாததால் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. 1983இல் போர்ட் பிளேரில் தொடங்கப்பட்டிருந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மண்டல மையம் 1993ஆம் ஆண்டு நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தது. சுபாஷ் செகலும் சகாக்களும் கண்டது லெப்டோஸ்பைராவை. நாம் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதை. பென்சிலினுக்கும் டாக்சிசைக்ளினுக்கும் அடங்குகிற நோய்.

இதில் மனதை உறுத்துவது வேறொன்று. 1903இலேயே ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் போர்ட் பிளேரின் மஞ்சள்காமாலை பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது. டெய்லர், கோயல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1929இல் இங்கே லெப்டோஸ்பைராவைக் கண்டறிந்து, 1931இல் ‘அந்தமானில் லெப்டோஸ்பைரோசிஸ்’ என்று ஆய்வேடே வெளியிட்டார்கள். பிறகு போர் வந்தது, ஜப்பானியர் வந்தார்கள், கைதிக் குடியிருப்பு மூடப்பட்டது, புது மக்கள் குடியேறினார்கள். நோய் எங்கேயும் போகவில்லை; ஆய்வேடு மட்டும் நூலக அலமாரியில் உறங்கப் போய்விட்டது. அறுபது ஆண்டு கழித்து அதே நோயைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ‘தரவு வளம்’ என்றதும் எல்லோருக்கும் இணையதளமும் கணினியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. டிக்லிப்பூர் மருத்துவருக்கு அன்று தேவைப்பட்டது பழைய ஆய்வேட்டின் ஒரு பிரதி.

எல்லோரையும் எண்ணு என்று நான் சொல்வதற்கு ஒரு விலக்கு உண்டு.

சென்டினல் தீவு மக்களின் எண்ணிக்கை 1901இல் 117. 1911இலும் 117. 1921இலும் 117. நூறு என்று எழுதியிருந்தால் மதிப்பீடு என்று தெரிந்துபோகும். 117 என்றால் யாரோ கிட்டப் போய் எண்ணிவிட்டு வந்தது மாதிரி இருக்கிறது. 1931இல் 50 ஆனது. 1991இல் 23, 2001இல் 39, 2011இல் 15. கரைக்குத் தள்ளிப் படகில் நின்றபடி, கண்ணில் பட்டவர்களை எண்ணிய எண்கள் இவை. ஓர் இனம் அழிகிறது என்றோ பெருகுகிறது என்றோ இதை வைத்துச் சொன்னால் அது சோதிடம். துல்லியமாக எண்ணியே தீர வேண்டும் என்று கிட்டப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1880இல் மாரிஸ் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தத் தீவிலிருந்து வயதான இருவரையும் நாலு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குத் தூக்கி வந்தார். பெரியவர்கள் இருவரும் நோய்வாய்ப்பட்டு இறந்தார்கள்; குழந்தைகளைப் பரிசுப் பொருட்களுடன் திரும்ப விட்டுவிட்டு வந்தார்.

அதே போர்ட்மேன்தான் கிரேட் அந்தமானியரை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் படமெடுத்து, உயரம், மார்பளவு, நாடித்துடிப்பு எல்லாம் குறித்தவர். பின்னால் 1906-08இல் ராட்கிளிஃப்-பிரவுன் வந்து ஆராய்ந்து எழுதிய நூல், இன்றும் மானுடவியல் மாணவர்களுக்குப் பாடம். உலகிலேயே அதிகம் அளக்கப்பட்ட, அதிகம் எழுதப்பட்ட சிறு சமூகங்களில் ஒன்று அது. 1877 தட்டம்மையும் அதற்கு முன்னும் பின்னும் வந்த நோய்களும் அவர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தபோதே இந்த அளவெடுப்பு நடந்தது. 1901இல் 625 பேர். 1961இல் 19. தரவுப் பஞ்சத்தால் அவர்கள் சாகவில்லை.

1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இந்தப் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு இது எரிச்சல் தரலாம், தரட்டும். சிறு சமூகங்களில் எண்ணே அடையாளம் ஆகிவிடுகிறது. 2020 ஆகஸ்டில் கிரேட் அந்தமானியர் பத்துப் பேருக்குக் கரோனா என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. ஐம்பது அறுபது பேர் மட்டுமே உள்ள சமூகத்தில் வயதும் பாலினமும் சேர்த்து ஓர் அட்டவணை போட்டால், அது நோயாளிகளின் பெயர்ப் பட்டியல்தான். நோயாளியின் பெயரை நீக்கிவிட்டோம் என்ற வழக்கமான உறுதிமொழி இங்கே செல்லாது. இப்படிப்பட்ட தரவு, சிகிச்சை தருகிற மருத்துவரிடமும் அந்தச் சமூகத்திடமும் இருந்தால் போதும். கோப்பாகத் தரவிறக்க வேண்டியதில்லை.

எண்ணாமல் விடுவது ஒன்று, அரைகுறையாக எண்ணியதை வைத்து முடிவெடுப்பது வேறு. கிரேட் நிகோபாரில் ஷொம்பென் மக்கள் 2001இல் 398 பேர், 2011இல் 229. குறைந்தது மக்களா, அல்லது காட்டுக்குள் போன குழு எட்டிப்பார்த்த தூரமா? அட்டவணை சொல்லாது. அந்தத் தீவின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகமும் நகரமும் விமான நிலையமும் வரும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அப்போது கையிலிருந்த மக்கள்தொகைக் கணக்கு பதினோரு வருடப் பழசு. சுனாமிக்குப் பிந்தைய ஒரே கணக்கும் அதுதான். 2001க்கும் 2011க்கும் இடையே நிகோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 42,068இலிருந்து 36,842ஆகக் குறைந்தது. அதில் கடல் கொண்டுபோனவர்கள் எத்தனை, வேலை போய் வெளியேறியவர்கள் எத்தனை என்பதைப் பிரித்துச் சொல்ல இரண்டு கூட்டுத்தொகைகள் போதாது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பு, எந்த ஊரை நேரில் போய் எண்ணியது, எதைத் தூரத்திலிருந்து மதிப்பிட்டது என்பதையாவது தனித்தனியே அச்சிட வேண்டும்.

சென்னைக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. போர்ட் பிளேரின் ஜி.பி.பந்த் மருத்துவமனையில் சமாளிக்க முடியாத நோயாளிகளை விமானமேற்றிச் சென்னைக்கும் வேலூருக்கும் கொல்கத்தாவுக்கும் அனுப்புவது வழக்கம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை அது நிகழ்ந்த இடத்தில்தான் பதிய வேண்டும். அந்தமானின் ரங்கத் ஊர்க்காரர் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தால், அது சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் ஏறும். தலைப்பிரசவத்துக்குத் தமிழ்நாட்டிலுள்ள தாய்வீட்டுக்கு வரும் பெண்ணின் குழந்தையும் அப்படியே. மிகக் கடுமையான நோய்களால் வரும் மரணங்கள் கடல் தாண்டிப் பதிவாவதால், தீவுகளின் மரணக் கணக்கு உள்ளதைவிட ஆரோக்கியமாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது. புற்றுநோயும் இதே வழியில் நழுவும். சென்னையின் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. அதில் சென்னைவாசிகள் மட்டுமே சேர்வார்கள். சிகிச்சைக்கு வந்த அந்தமான்காரரை எடுத்துவிடுவார்கள். முறைப்படி அதுவே சரி.

இறப்புப் படிவத்தில் ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை வைத்துத் தீவுக்காரர்களின் பிறப்பு இறப்பைப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே அனுப்பப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் பிறப்பு இறப்புத் தலைமைப் பதிவாளர் பொறுப்பு பொதுசுகாதாரத் துறை இயக்குநரிடம்தான் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் திறந்த கடலடிக் கேபிள் சென்னையிலிருந்துதான் போர்ட் பிளேருக்கும் கார் நிகோபாருக்கும் கமோர்ட்டாவுக்கும் போகிறது. பழைய ஆண்டுகளுக்கு மருத்துவமனை ஆவண அறைகளில் தேட வேண்டும். பொதுசுகாதார முதுகலை மாணவர் ஒருவருக்கு அது ஒரு பருவத்துக்கான ஆய்வு. தேடும்போது முகவரியில் போர்ட் பிளேர், 2024 செப்டம்பரில் வந்த ஸ்ரீ விஜயபுரம் என்ற இரண்டு பெயரையும் போட்டுத் தேட வேண்டும். இல்லாவிட்டால், பெயர் மாறிய தேதியிலிருந்து தீவில் யாருக்கும் புற்றுநோயே வரவில்லை என்று விடை வரும்.